தெரியாத ட்ராக்கும் கணக்குப்பிள்ளை போடும் கோடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக்கல் மாணவன் இல்லை. பி.காம். டெபிட், கிரெடிட், டேலி, மாதக் கடைசியில் காலி பர்ஸ், இதுதான் நம்ம உலகம். அதனால் ரேஸிங் லைன் பற்றி நான் எழுதுவதைப் பார்த்து "உனக்கெதுக்குடா இந்த வேலை" என்று கேட்க நினைக்கும் இன்ஜினியரிங் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். படித்து முடித்துவிட்டு மொத்தமாகத் திட்டலாம் :-)

நம்ம செட்டில் ரேஸ் பேச்சு வந்தால் ராஜபாளையத்துக்காரன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் என்று வித்தியாசமே கிடையாது. எல்லோருக்கும் ஒரே மந்திரம்: "வெளியே, உள்ளே, வெளியே". வளைவுக்கு முன்னால் வெளி ஓரத்தில் இரு, நடுவில் உள் ஓரத்தைத் தொடு, முடியும்போது மறுபடி வெளி ஓரத்துக்குப் போ. முடிந்தது பாடம். இதை யூடியூபில் பத்து நிமிடம் பார்த்தவன்கூட ஷூமாக்கருக்கு வகுப்பு எடுத்தவன் மாதிரிப் பேசுகிறான்.

மந்திரத்தில் தப்பில்லை. ஆனால் அது ட்ராக்கைத் தெரிந்தவனுக்கு எழுதிய மந்திரம். முன்னே பின்னே பார்த்திராத ட்ராக்கில் எது நல்ல கோடு என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் இயற்பியல் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, நம்புங்கள், நம்ம அக்கவுண்டன்சி புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் இயற்பியல் பாதி. ஒரு 90 டிகிரி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கின் அகலம் 10 மீட்டர். உள் ஓரத்தின் ஆரம் 15 மீட்டர், வெளி ஓரத்தின் ஆரம் 25 மீட்டர். டயர் பக்கவாட்டில் 1 ஜி வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். உள் ஓரத்தை ஒட்டியே போனால் சுமார் 44 கி.மீ. வேகத்துக்கு மேல் முடியாது. நடுவில் போனால் 50. வெளியே, உள்ளே, வெளியே என்று முழு அகலத்தையும் பயன்படுத்தினால் நம் வண்டி வரையும் வட்டத்தின் ஆரம் 49 மீட்டராகிவிடும். வேகம் 79 கி.மீ. வண்டி அதேதான், டயர் அதேதான். கோடு மட்டும் மாறியதில் 50 என்பது 79 ஆகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கே இந்தப் பைத்தியம் முழுசாகப் பிடித்தது. (பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்கலாமோ என்றும் தோன்றியது. போகட்டும்.)

வளைவின் உள் ஓரத்தைத் தொடும் புள்ளிக்கு ஏபெக்ஸ் என்று பெயர். மேலே சொன்ன கணக்கில் ஏபெக்ஸ் சரியாக நடுவில் வரும். ஆனால் ரேஸ் என்பது ஒரே ஒரு வளைவு இல்லையே! வளைவு முடிந்ததும் ஒரு நேர்ச்சாலை வரும். அங்கே எவ்வளவு சீக்கிரம் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். அதனால் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி, ஏபெக்ஸை நடுவுக்கு அப்புறம் தள்ளித் தொடுகிறார்கள். இதுதான் லேட் ஏபெக்ஸ். நுழையும்போது வேகம் குறையும், வெளியேறும்போது வண்டி நேராக நிற்கும்.

இதில் லாப நஷ்டம் எப்படி? ஒரு உதாரணக் கணக்கு. நுழைவில் 75-க்குப் பதில் 70-இல் போகிறோம். அந்த 30 மீட்டர் தூரத்தில் இழப்பது சுமார் 0.1 வினாடி. வெளியேறும்போது 70-க்குப் பதில் 75-இல் கிளம்புகிறோம். முன்னால் 500 மீட்டர் நேர்ச்சாலை, இரண்டு பேருக்கும் ஒரே முடுக்கம் என்றால் மிச்சமாவது சுமார் 0.3 வினாடி. பத்துப் பைசா போட்டு முப்பது பைசா எடுக்கிற வியாபாரம். எங்க ஊர் பஞ்சு வியாபாரிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதுவரைக்கும் சொன்னது தெரிந்த ட்ராக்குக்கு. இப்போது தெரியாத ட்ராக்குக்கு வருவோம்.

வளைவு எங்கே முடிகிறது என்று தெரியாது. உள்ளே போகப் போக இறுகுமா, விரியுமா, தெரியாது. அந்தப் பக்கம் மேடா பள்ளமா, தெரியாது. இந்த நிலையில் சீக்கிரமாகத் திரும்பி உள் ஓரத்தைத் தொட்டுவிட்டவன் நிலைமையைப் பாருங்கள். வளைவு விரிந்தால் தப்பித்தான். இறுகினால், அவன் வண்டி வெளி ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, ட்ராக்கோ உள்ளே திரும்புகிறது. மிச்சமிருப்பது புல்லோ, மணலோ, சுவரோ, அது அவரவர் அதிர்ஷ்டம். தாமதமாகத் திரும்பியவனுக்கு வளைவு இறுகினாலும் இடம் கையிலிருக்கிறது. விரிந்தால் அரை வினாடி போச்சு, அவ்வளவுதான்.

அதாவது ஒரு பக்கம் தப்பு செய்தால் நஷ்டம் அரை வினாடி. இன்னொரு பக்கம் தப்பு செய்தால் நஷ்டம் வண்டி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பதினொன்றாம் வகுப்பு அக்கவுண்டன்சியில் ஒரு மரபு வரும், கன்சர்வேட்டிசம் என்று. வரப்போகிற லாபத்தை முன்கூட்டியே எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் இப்போதே ஒதுக்கிவை. கடைசிச் சரக்கிருப்பை அடக்க விலைக்கும் சந்தை விலைக்கும் எது குறைவோ அதில் போடு. பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி எல்லோரும் உருப்போட்டதுதான். தெரியாத வளைவுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எந்த ரேஸ் பள்ளியிலும் கிடையாது என்பேன். "இந்த வளைவை 90-இல் எடுக்கலாம்" என்று மனசு சொல்கிறது. "கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் 60-தான்" என்று கண் சொல்கிறது. இரண்டில் எது குறைவோ அதில் போடு!

இந்த இடத்தில் மெக்கானிக்கல் படிக்கும் நண்பன் ஒருவன் குறுக்கிட்டான். "மாப்ள, நீ சொல்றபடி ஓட்டுனா கடைசி எடந்தான்டா வரும். பிராக்டிஸுக்கே அரை மணி நேரந்தான் குடுப்பான். பயந்து பயந்து ஓட்டி எப்ப கத்துக்கிறது?"

நியாயமான கேள்வி. இதற்கும் பதில் அக்கவுண்டன்சியிலேயே இருக்கிறது. வாரா ஐயக்கடனுக்கு ஒதுக்கு உருவாக்குகிறோம் அல்லவா? கடன் வசூலானதும் அந்த ஒதுக்கை அப்படியே வைத்துக்கொண்டிருப்பதில்லை, திரும்ப எடுத்து எழுதிவிடுகிறோம். ட்ராக்கிலும் அப்படித்தான். முதல் சுற்றில் ஒவ்வொரு வளைவுக்கும் தாராளமாக ஒதுக்கு வை. வளைவு தன் குணத்தைக் காட்டக் காட்ட கொஞ்சம் கொஞ்சமாக எடு. பிரேக் பிடிக்கும் இடத்தை ஐந்து ஐந்து மீட்டராக உள்ளே தள்ளு. பத்துச் சுற்று முடிந்தும் முதல் சுற்று ஒதுக்கையே கட்டிக்கொண்டு ஓட்டுகிறவன் ஜாக்கிரதைக்காரன் இல்லை, கணக்கில் ரகசிய ஒதுக்கு வைத்திருக்கிறவன். அதுவும் தப்புக் கணக்குதான்.

ஒதுக்கை எந்த வரிசையில் எடுப்பது என்பதும் முக்கியம். முதலில் வெளியேறும் இடம், கடைசியில் நுழையும் இடம். நம்ம பசங்க தலைகீழாகச் செய்கிறார்கள். பிரேக்கை எவ்வளவு லேட்டாகப் பிடித்தேன் என்பதில்தான் பெருமை. லேட்டாகப் பிடித்து, ஏபெக்ஸைத் தவறவிட்டு, வெளியேறும்போது தடுமாறி, பின்னால் வந்தவன் நேர்ச்சாலையில் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே போகிற பெருமை.

கதையாகச் சொல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன். 2011 அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேச சர்க்யூட். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். 5.125 கி.மீ., 16 வளைவு. அந்த ட்ராக்கில் அதற்கு முன்னால் யாரும் பந்தயம் ஓட்டியதில்லை. உலகத்திலேயே சிறந்த 24 டிரைவர்கள், அத்தனை பேரும் அந்த ட்ராக்குக்குப் புதுசு. கோட்டை விட்டு ஒரு அடி தள்ளிப் போனால் புழுதி. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் ஒரு நாய் ட்ராக்குக்குள் புகுந்து பயிற்சியையே நிறுத்த வேண்டியதாயிற்று. (ராஜபாளையம் நாயாக இருந்திருந்தால் கார்களைத் துரத்திப் பிடித்திருக்கும். ஊர்ப்பற்று, மன்னிக்கவும்.)

அந்த வார இறுதியில் பாடம் எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபெராரியின் ஃபெலிப்பே மாசா. தகுதிச் சுற்றில் வளைவின் உள்ளே இருந்த கெர்ப் மீது, அதாவது ட்ராக்கின் ஓரத்தில் வைத்திருக்கும் மேட்டு விளிம்பின் மீது ஏற்றினார். முன்பக்க சஸ்பென்ஷன் உடைந்தது. சரி, புது ட்ராக், தெரியாமல் நடந்தது. மறுநாள் பந்தயத்திலும் கெர்ப்பில் ஏற்றினார். இந்தத் தடவை மறுபக்கத்து முன் சஸ்பென்ஷன் உடைந்தது. பந்தயம் அதோடு முடிந்தது. மாசாவின் திறமையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. 2008-இல் ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டத்தை இழந்தவர் அவர். ஆனால் ஐரோப்பாவில் எத்தனையோ ட்ராக்குகளில் கெர்ப் மீது ஏறிப் போவதுதான் வேகமான கோடு. அந்தப் பழைய கோட்டைப் புது ட்ராக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன விலை என்பதற்கு இரண்டு சஸ்பென்ஷன் சாட்சி.

இன்னொருவர் செபாஸ்டியன் வெட்டல். முதலிடத்தில் கிளம்பி, ஒவ்வொரு சுற்றிலும் முன்னணியில் இருந்து, வேகமான சுற்றையும் போட்டு ஜெயித்தார். கார் நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் புது ட்ராக்கில் அப்படியொரு சுத்தமான கணக்கு எழுதியவர் அன்றைக்கு அவர் மட்டும்தான். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அந்தப் பந்தயத்தில் இருந்தார், கடைசி வரிசை டீமான எச்ஆர்டி காரில் 17-வது இடம்.

நம்ம மாநிலத்துக்கே வருவோம். சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பஸ்ஸில் போகிற ரோடுதான் ட்ராக். 3.5 கி.மீ., 19 வளைவு. அதற்கு நல்லதா கெட்டதா, பணம் தண்டமா இல்லையா என்ற சண்டை அப்போதே ஏராளமாக நடந்துவிட்டது, நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு. சர்வதேச அமைப்பின் அனுமதி தாமதமாகி, சனிக்கிழமை பயிற்சியே நேரம் கடந்துதான் ஆரம்பித்தது. அந்த இளம் டிரைவர்களுக்கு ட்ராக்கைப் பழகக் கிடைத்த நேரம் ரொம்பக் கொஞ்சம். பகலில் பஸ்ஸும் ஆட்டோவும் எண்ணெய் சிந்திய ரோடு, சாலைக்குறி பெயின்ட், விளக்கு வெளிச்சம், இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ கோடு தவறினால் மண்ணில் இறங்கித் திரும்பி வரலாம். இங்கே சுவர்தான் பதில் சொல்லும்.

தெருவில் நடக்கும் பந்தயத்தில் இன்னொரு விஷயம், கோடே நகர்ந்துகொண்டிருக்கும். வண்டிகள் ஓட ஓட டயர் ரப்பர் ரோட்டில் படிந்து பிடிமானம் ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருந்த ரோடு ஏழு மணிக்கு இருக்காது. எனவே முதல் சுற்றில் "இதுதான் கோடு" என்று முடிவு கட்டியவன், ரோடு மாறிய பிறகும் பழைய பேரேட்டையே புரட்டிக்கொண்டிருப்பான்.

இவர்களெல்லாம் எப்படிப் பழகுகிறார்கள்? முதல் வேலை, நடப்பது. ஆமாம், நடராஜா சர்வீஸ். ஃபார்முலா ஒன் டிரைவர்கள் பந்தயத்துக்கு முன்னால் இன்ஜினியர்களோடு ட்ராக்கைச் சுற்றி நடக்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் குனிந்து கெர்ப்பின் உயரத்தைப் பார்க்கிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கிறார்கள், பிரேக் பிடிக்க அடையாளமாக ஒரு போர்டையோ மரத்தையோ மனதில் குறித்துக்கொள்கிறார்கள்.

இது நமக்குப் புதுசா என்ன? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் வருஷா வருஷம் அதே ரத வீதிகளில்தான் சுற்றுகிறது. அதைவிடத் தெரிந்த ட்ராக் உலகத்தில் உண்டா? ஆனாலும் தேருக்கு முன்னால் வீதியைப் பார்த்துப் பள்ளத்தை அடைக்கிறார்கள், மின்கம்பியைக் கவனிக்கிறார்கள். வடம் பிடிக்கிற ஆயிரம் பேருக்குத் தேர் எந்தக் கோட்டில் போகிறது என்று தெரியாது. சக்கரத்துப் பக்கத்தில் கட்டையோடு ஓடுகிறாரே, அவருக்குத் தெரியும். முனை திரும்பும்போது எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை கொடுப்பது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அவர் கண் தேரின் உச்சியில் இருக்காது, சக்கரம் அடுத்து மிதிக்கப்போகிற இடத்தில் இருக்கும். மெக்கானிக்கல்காரர்களே, உங்கள் புத்தகத்தில் இது எந்தப் பாடம்? :-)

நடந்து முடித்த பிறகு வளைவுகளை வரிசைப்படுத்த வேண்டும். இதுவும் காமர்ஸ் வேலைதான். காஸ்டிங்கில் ஏபிசி பகுப்பாய்வு படித்தோமே, ஸ்டோரில் இருக்கும் ஆயிரம் பொருளையும் ஒரே அக்கறையோடு பார்க்காதே, பண மதிப்பு அதிகமுள்ள சில பொருள்களை முதலில் கவனி என்று. 19 வளைவையும் ஒரே நேரத்தில் பழக யாராலும் முடியாது. நீளமான நேர்ச்சாலைக்கு முன்னால் வரும் வளைவு 'ஏ' வகுப்பு. முதல் சுற்றுகளில் மூளையை அங்கே செலவழி. வளைந்து உடனே இன்னொரு வளைவில் முடிகிறதா, அது 'சி' வகுப்பு. அங்கே அடுத்த வளைவுக்கு நல்ல இடத்தில் போய் நின்றால் போதும், வேகம் காட்ட வேண்டாம். ட்ராக்கைக் கடைசி வளைவிலிருந்து பின்னோக்கிப் படி என்று சொல்வதும் இதனால்தான்: எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தான் எங்கே திரும்புவது என்று தெரியும்.

தெரியாத பாதை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறவர்கள் ஸ்டிர்லிங் மாஸும் டெனிஸ் ஜென்கின்சனும்தான். 1955 மே 1, இத்தாலியில் மில்லே மில்யா. பொது ரோட்டில் சுமார் 1,600 கி.மீ. பந்தயம். இத்தாலிக்காரர்களுக்கு அது சொந்த ஊர் ரோடு. மாஸ் இங்கிலாந்துக்காரர். 1,600 கி.மீ. வளைவுகளை எந்த மனிதன் மனப்பாடம் செய்வான்? பத்திரிகையாளரான ஜென்கின்சன் முன்கூட்டியே மாஸோடு அந்தப் பாதையில் போய் ஒவ்வொரு ஆபத்தான வளைவையும் மேட்டையும் குறிப்பெடுத்தார். அதை ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரே காகிதச் சுருளாக்கி ஒரு பெட்டிக்குள் வைத்து உருட்டிக்கொண்டே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கை சைகையில் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தத்தில் பேச்சு கேட்காதல்லவா. 10 மணி 7 நிமிடம் 48 வினாடி, சராசரி வேகம் மணிக்கு 157 கி.மீ. ஜெயித்தார்கள். இரண்டாவதாக வந்தவர் சாதாரண ஆளில்லை, ஃபான்ஜியோ. அவருக்கும் இவர்களுக்கும் இடைவெளி அரை மணி நேரத்துக்கும் மேல்.

யோசித்துப் பாருங்கள். மேட்டுக்கு அப்பால் ரோடு நேராகப் போகிறதா திரும்புகிறதா என்று மாஸுக்குத் தெரியாது. ஆனால் காகிதத்துக்குத் தெரியும். காகிதம் "நேர்" என்று சொன்ன இடத்தில் அவர் காலை எடுக்கவில்லை. ஒதுக்கைத் தைரியமாகத் திரும்ப எடுப்பதற்கு ஒரு வவுச்சர் வேண்டும் அல்லவா, அதுதான் அந்தச் சுருள். இன்றைக்கு ராலிகளில் பக்கத்து சீட்டுக்காரர் படிக்கும் பேஸ் நோட்ஸ் அதே வம்சம்தான்: வளைவு எவ்வளவு கூர்மை, இறுகுமா, உள்ளே வெட்டலாமா கூடாதா. நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டியவர் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தெரியாத ரோட்டைப் படிக்கிற வித்தை அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

"வீடியோ கேமில் ட்ராக் பழகலாமா?" பழகலாம். 1996-இல் ஜாக் வில்நெவ், பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் முதல் தடவையாக ஓட்டியபோதே முதலிடத்தில் நின்று கிளம்பினார். அதற்கு முன் கேமில் பழகியிருந்தார் என்பது பிரபலமான கதை. கேம் எந்தப் பக்கம் வளைவு, எதற்கு அப்புறம் எது என்று சொல்லிக்கொடுக்கும். அது பெரிய உதவி. ஆனால் திரையில் பச்சைக் கோடு ஒன்று போட்டுக் காட்டுகிறதே, அதை மட்டும் அணைத்துவிட்டு விளையாடுங்கள். கோட்டைத் துரத்துகிறவன் ட்ராக்கைப் பார்ப்பதே இல்லை.

இப்போது இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணம். சாரல் தொடங்கிவிட்டால் நம்ம பசங்க ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே கூட்டம் என்றால் அப்படியே செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, பாலருவி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 11 கி.மீ.; தினமும் போகிற ரோடு, எந்தத் திருப்பத்தில் எந்த டீக்கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஆனால் அதே தேசிய நெடுஞ்சாலை 744-தான் சேத்தூர், சிவகிரி, புளியங்குடி, தென்காசி தாண்டி மலையேறிக் கொல்லம் வரை போகிறது. ரோட்டின் நம்பர் மாறுவதில்லை. நமக்குத் தெரிந்த ரோடு எங்கே முடிந்து தெரியாத ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று எந்தப் போர்டும் வைக்கவில்லை. அதே தைரியத்தோடு புளியரை எஸ் வளைவுக்குள் போகிறார்கள், அதுவும் "வெளியே, உள்ளே, வெளியே" என்று ஜபித்துக்கொண்டு.

கூட்டிப் பாருங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு. இடது வளைவில் "வெளியே" என்றால் வலது ஓரம், அதாவது எதிரே வருகிறவனின் பாதி. நுழையும்போது ஒரு தடவை, வெளியேறும்போது ஒரு தடவை அங்கே போக வேண்டும். வலது வளைவில் "உள்ளே" என்பதே எதிராளியின் பாதி. இரண்டில் எந்த வளைவானாலும் அந்த மந்திரம் உன்னை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரிகள் இரவு பகல் பார்க்காமல் ஓடுகிற ரோடு அது. எதிரே வருகிறவன் 60, நீ 60 என்றால் வினாடிக்கு 33 மீட்டர் நெருங்குகிறீர்கள். மலை வளைவில் 50 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் உன் கையில் இருப்பது ஒன்றரை வினாடி. ட்ராக்கில் முழு அகலமும் உன்னுடையது, எதிரே யாரும் வரமாட்டான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே உன் பங்கு மூன்றரை மீட்டர், அதிலும் ஓரத்தில் மணல்.

2022-இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. நம்ம கிளாஸில் காலை ஊன்றுகோலோடு வந்து போகிறவனைப் பார்த்தால் தோன்றும்.

அப்படியென்றால் ரோட்டில் இந்த வித்தை எதுவுமே உதவாதா? உதவும், ஆனால் மந்திரம் இல்லை, கணக்குப்பிள்ளையின் பாதி மட்டும். உன் பாதி ரோட்டுக்குள்ளேயே இரு, தாமதமாகத் திரும்பு. பிரிட்டிஷ் போலீஸின் வாகனப் பயிற்சிப் புத்தகமான ரோட்கிராஃப்ட் ஒரு அருமையான உபாயம் சொல்கிறது. வளைவில் ரோட்டின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேருவது போல் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளியையே பார். அது உன்னைவிட்டு விலகி ஓடினால் வளைவு விரிகிறது. உன் வேகத்திலேயே நகர்ந்தால் வளைவு அப்படியே நீள்கிறது. உன்னை நோக்கி வந்தால் இறுகுகிறது, ஆக்சிலரேட்டரை விடு. பேஸ் நோட்ஸ் இல்லாதவனுக்கு அந்தப் புள்ளிதான் ஜென்கின்சன். அது தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்துக்கு மேல் போகாதே, அவ்வளவுதான் பாக்கி.

வேகம் காட்டியே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு கோயம்புத்தூரில் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் பயிற்சி நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். எதிரே லாரி வராது, தவறினால் மண் இருக்கிறது, ஏபெக்ஸ் எங்கே என்று காட்ட ஆள் இருக்கிறார். குற்றால ட்ரிப்புகளுக்கு ஆகும் பெட்ரோலையும் பரோட்டாவையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் பெரிய வித்தியாசம் வராது. (பார்டர் பரோட்டாவின் மதிப்பை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.)

மழை பெய்யும்போது கோடு எங்கே போகும் என்று ஒரு நண்பன் கேட்டிருக்கிறான். காய்ந்த ட்ராக்கில் ரப்பர் படிந்து நன்றாகப் பிடித்த அதே இடம்தான் நனைந்ததும் வழுக்க ஆரம்பிக்கும். அதனால் மழையில் டிரைவர்கள் வழக்கமான கோட்டைவிட்டு வெளியே தேடுகிறார்கள். அது தனிக் கதை, தனியாகவே எழுத வேண்டும். திங்கட்கிழமை காஸ்டிங் பேப்பர் இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன்.